டிரெய்லருக்குள் இருக்கும் அலமாரிகள்: விடுவதா, கழற்றுவதா, மொத்தமாகப் பிய்ப்பதா?

பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்னச் சக்கர வீட்டை, வாங்கிக் கதவைத் திறந்து உள்ளே நின்றதும், எதையாவது பிடுங்கி எறியத்தான் முதலில் கை பரபரக்கும். பழுப்பேறிய போலி மர நிறம், மடக்கிப் படுக்கையாக்கும் பெஞ்சு, தலையில் இடிக்கும் மேல் அலமாரி, ஒரு தட்டு வைத்தால் நிறைந்துவிடும் சமையல் மேடை. இதெல்லாம் போய்விட்டால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். நானும் அப்படித்தான் இறங்கினேன். முதல் நாளே முன்பக்க சோபாவின் அடிப்பெட்டியில் கை வைத்தேன். கண்ணில் பட்ட ஸ்குரூ அத்தனையையும் எடுத்த பிறகும் பெட்டி அசையவில்லை. நெம்பினேன். பெட்டியோடு சேர்ந்து சுவர்ப் பலகையும் ஓர் அடி நீளத்துக்குக் கிழிந்து வந்தது. அந்தப் பெட்டியைப் பிடித்திருந்த ஸ்குரூக்களின் தலை சுவருக்கு அந்தப் பக்கம், வெளித்தகட்டுக்கு அடியில் இருந்தது. அது கிழித்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் சுவர் முதலில் எழும்பும், அலமாரி பிறகு வந்து அதில் உட்காரும். டிரெய்லர்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழ். அடிச்சட்டத்தின் மேல் தரைப்பலகை, அதன் மேல் வினைல் விரிப்பு, அதன் மேல் பெட்டிகளும் தடுப்புகளும். அப்புறம்தான் பக்கச் சுவர், கூரை, கடைசியாக வெளித்தகடு. சுவர் வந்து அலமாரியோடு சேர்ந்ததும் வெளியில் நின்றபடியே ஸ்குரூ அடித்துவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். இருபது வருடம் கழித்துக் கழற்றப் போகிறவனைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. சுவருக்குள் நிற்கும் கட்டை ரீப்பர் அளவுதான் இருக்கும். அதன் மேல் அடித்த உள்பலகையின் கனம் 3 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய கூடு சாலைக் குலுக்கலில் கோணிக்கொள்ளாமல் இருப்பதற்கு, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் பெட்டிகளும் தடுப்புகளும் ஒரு முக்கியக் காரணம். மரச்சாமான் என்று நாம் பெயர் வைத்திருப்பது பாதி வண்டியின் எலும்பு.

புதுப்பிக்கிறவர் முன்னால் இருப்பது மூன்று வழி. எதையும் கழற்றாமல் முகத்தை மட்டும் மாற்றுவது. வேண்டாததை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது. வெறும் கூடு மிஞ்சும்படி எல்லாவற்றையும் எடுத்துப் புதிதாகக் கட்டுவது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டாவது வழிதான். மூன்றாவது வழிக்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றே ஒன்று, அது தண்ணீர்.

எதைக் கழற்றுவது என்பதற்கு முன் எங்கே ஒழுகுகிறது

டிரெய்லர் ஒழுகும் இடங்கள் அநேகமாக எல்லா வண்டியிலும் ஒன்றேதான். கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, நான்கு மூலைகள், ஜன்னல் சட்டம், கூரைக் காற்றுப்போக்கி, வெளிவிளக்குகளின் அடிப்பகுதி. அங்கே இடைவெளியை அடைக்கப் போட்ட சீலன்ட் பசை வெயிலில் வெடித்துவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் ஒரு ஸ்பூன் தண்ணீராவது சுவருக்குள் இறங்கும். அது நம் கண்ணுக்கு முன்னால் சொட்டினால் உடனே கவனித்துவிடுவோம். ஆனால் மூலைகள் எல்லாவற்றையும் அலமாரிகள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அதனால் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போய், ஒரு நாள் பெஞ்சின் அடியில் கையை விட்டால் பலகை ஊறிய ரொட்டி மாதிரி விரலோடு வரும்.

எனவே ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு முழு நாளை டார்ச்சுக்குக் கொடுங்கள். எல்லா அலமாரிகளின் உள்மூலைகளையும், பெஞ்சுப் பெட்டிகளின் அடியையும், கட்டிலுக்குக் கீழேயும் பாருங்கள். கறை, கறுப்புப் புள்ளி, புடைத்துக்கொண்ட பலகை, புளித்த வாடை, எதுவானாலும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; சந்தேகமான இடத்தில் குத்தூசியால் குத்துங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும், மக்கிய மரம் உள்ளே விட்டுவிடும். ஈரமானி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டும் இடத்தில் பிரச்சினை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கச் சுவர் கண்ணாடியிழையாக இருந்து அதில் கொப்புளம் மாதிரி உப்பல் தெரிந்தால், உள்ளே பசை விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தச் சோதனையின் முடிவே பாதித் தீர்ப்பை எழுதிவிடும். எல்லாம் காய்ந்து கெட்டியாக இருக்கிறதா? அழகுக்காக மட்டும் அலமாரியைப் பிய்ப்பதில் அர்த்தம் இல்லை. ஒரு மூலையில் மட்டும் மக்கல் என்றால், அந்த மூலைக்கு முன்னால் நிற்பதை மட்டும் எடுத்தால் போதும். பக்கச் சுவர் நெடுகக் கட்டை உளுத்து, தரையும் காலடியில் அமுங்குகிறது என்றால் மூன்றாவது வழிதான். அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் எல்லாம் வீண். எந்த வழியாக இருந்தாலும், கூரை ஒழுகலை அடைத்த பிறகே உள்வேலையைத் தொடங்க வேண்டும். பழைய சீலன்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சட்டங்களுக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை வைத்து மூடுவது நெடுநாள் நிற்கும். மேலே மேலே சிலிக்கான் பூசுவது அப்போதைக்கு நிறுத்தும். பிறகு அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

எல்லாக் கூடும் ஒன்றல்ல

நான் மேலே சொன்னது மரச்சட்டத்தில் அலுமினியத் தகடு போர்த்திய வண்டிக்கு. பழைய டிரெய்லர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதில் மேல் அலமாரியும் தடுப்புச் சுவரும் கூரையையும் பக்கச் சுவரையும் ஒன்றாகக் கட்டிவைக்கின்றன.

ஒட்டுச்சுவர் வண்டிகள் வேறு. அலுமினியக் குழாய்ச் சட்டம், நடுவில் நுரை, இரு பக்கமும் மெல்லிய தகடு, எல்லாம் பசையால் ஒட்டி ஒரே பலகை போல் இருக்கும். சுவர் தானாகவே விறைப்பானது; அலமாரியை எடுத்தால் உடனே எதுவும் தொய்யாது. சிக்கல் திரும்ப மாட்டும்போது வரும். தொழிற்சாலையில் அலமாரி வர வேண்டிய இடத்தில் மட்டும் உள்ளே ஒரு கட்டையோ தகடோ பதித்திருப்பார்கள். மற்ற இடமெல்லாம் நுரை. நுரையில் ஸ்குரூ பிடிக்குமா? ஆகவே பழைய ஓட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதே உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம். அவற்றைப் பட்டி போட்டு மூடுவதற்கு முன் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்ஸ்ட்ரீம் போல விமானம் மாதிரி ரிவெட் அடித்துச் செய்த அலுமினியக் கூடுகளில் வலிமை வெளித்தோல், உள்தோல், நடுவில் இருக்கும் விலா எலும்புகள் ஆகியவற்றில் இருக்கிறது. அங்கே மரச்சாமானை எடுப்பதற்கு ஒப்பீட்டளவில் பயப்பட வேண்டாம். உள்தோலையும் உரிக்கப் போகிறேன் என்றால் அது வேறு கதை.

அதிகம் பயப்பட வேண்டியது முட்டை வடிவக் கண்ணாடியிழை வண்டிகளுக்கு. 1968இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்த போலர், பிறகு வந்த ஸ்கேம்ப் போன்றவை மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி என்று இரண்டு ஓடுகளை இடுப்பில் சேர்த்துச் செய்தவை. உள்ளே கூரைக்குச் சட்டம் என்று ஒன்றும் கிடையாது. துணி அலமாரியும் சமையலறைப் பெட்டியும்தான் தூண். அவற்றை எடுத்துவிட்டால் கூரை மெல்லத் தொய்யும், மேலே தண்ணீர் தேங்கும், கதவு சட்டத்தில் உட்காராது. இந்த வகையில் ஓர் அலமாரியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதே இடத்தில் ஒரு தூணாவது வர வேண்டும். புதுத் திட்டத்தில் தூணுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

விட்டுவிட்டு மெருகேற்றுவது

இந்த வழியைப் பலர் சோம்பேறி வழி என்று நினைக்கிறார்கள். அலமாரிக் கதவுகள், கைப்பிடிகள், கீல்கள், மெத்தை உறை, விளக்கு, மேடையின் மேல்பலகை ஆகியவற்றை மாற்றிப் பெயிண்ட் அடித்தாலே பாதி வண்டி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வண்டியின் எடை அநேகமாக மாறாது. இழுக்கும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

பெயிண்ட் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அலமாரிகள் மரம் மாதிரி தெரிந்தாலும், மேலே இருப்பது மர அச்சடித்த காகிதம் அல்லது வினைல் படலம். மரத்தைத் தேய்ப்பதுபோல் உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் படலம் கிழிந்து, அடியிலிருக்கும் பலகை பஞ்சாகிவிடும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, 220 எண் தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் லேசாகத் தடவி, வழுக்கும் பரப்பில் ஒட்டக்கூடிய பிரைமர் ஒரு கை, அப்புறம் பெயிண்ட். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே கதவை மூடிவிடாதீர்கள்; பெயிண்ட் இறுகச் சில நாட்கள் ஆகும்.

பழையதை வைத்துக்கொள்வதில் யாரும் கணக்கில் எடுக்காத ஒரு லாபமும் உண்டு. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு டிரெய்லர்களைக் கொடுத்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கண் எரிச்சலும் மூச்சுத் தொல்லையும் வந்தன. பிறகு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளில் காற்றைச் சோதித்தபோது, ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு இருந்தது. பசை போட்டு அழுத்திச் செய்த பலகைகளே அதற்கு முக்கியக் காரணம். இந்த வாயு பலகை புதிதாக இருக்கும்போது அதிகம் வெளியேறும், வருடங்கள் போகப் போகக் குறையும். இருபது வயது அலமாரி பெரும்பாலும் மூச்சுவிட்டு முடித்துவிட்டது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மலிவான துகள்பலகையைக் கொண்டுவந்து அடைத்தால், அந்தச் சின்ன அறையில் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். புதிதாகச் செய்வதானால் குறைந்த உமிழ்வுச் சான்று பெற்ற பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த வழியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: இடத்தின் அமைப்பு மாறாது. இரண்டு பேர் மட்டும் பயணம் போகிற வண்டியில் ஆறு பேர் படுப்பதற்கான ஏற்பாடு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொன்றாக எடுத்தால்

நடுவழியில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பதற்கு நான் ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். இந்தப் பெட்டிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது, இந்தப் பெட்டியில் என்ன தொங்குகிறது?

எதிரெதிர் பெஞ்சும் நடுவில் மேசையும் கொண்ட டைனெட்தான் முதலில் பலியாவது. நியாயமும்கூட. கூரையைத் தொடாத பெஞ்சு பெரும்பாலும் எதையும் தாங்குவதில்லை, எடுத்தால் கிடைக்கும் இடமும் அதிகம். ஆனால் மெத்தையைத் தூக்கிப் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். நன்னீர்த் தொட்டி, தண்ணீர் பம்ப், சூடேற்றி, சுடுநீர்க் கலன், மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வர்டர், சக்கரக் கூடு, இதில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். சில வண்டிகளில் எல்லாமே இருக்கும். தொட்டி இருந்தால், அந்தப் பெஞ்சின் பலகைகளேதான் தொட்டியை நகராமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. பிரேக் போடும்போது அந்த 150 கிலோ முன்னால் ஓடப் பார்க்கும். பெஞ்சை எடுத்தால் தொட்டிக்கு வேறு கூண்டு செய்தாக வேண்டும். இரண்டு பெஞ்சில் ஒன்று காலியாகவும் ஒன்று நிறைந்தும் இருந்தால் காலியானதை எடுத்துவிட்டு, மற்றதைச் சோபாவாகவோ மேசையின் அடிப்பாகமாகவோ மாற்றுவது புத்திசாலித்தனம். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் உழைப்புக்கு அதிக பலன் தரும் ஒற்றை மாற்றம் இதுதான்.

எடுத்த இடத்தில் தனி நாற்காலி, தனி மேசை போடுவதாக இருந்தால் பயணத்தின்போது அவற்றைக் கட்டிவைக்கத் தரையில் வளையம் வேண்டும். கட்டாமல் விட்ட மேசை ஒவ்வொரு பள்ளத்திலும் சுவரை இடிக்கும். அந்தச் சுவரின் கனம் 3 மில்லிமீட்டர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மடக்கு சோபாவை எடுப்பது சுலபம், எடையும் நன்றாகக் குறையும். உள்ளே இரும்புச் சட்டம் வைத்த மடக்குக் கட்டில் இருக்கும். பக்கவாட்டில் வெளியே தள்ளி விரியும் பகுதியில் அது இருந்தால் மட்டும், புதிதாக வைப்பது பழையதைவிடக் கனமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியை இழுக்கும் மோட்டாரும் பற்சட்டமும் பழைய எடைக்காகச் செய்தவை.

மேல் அலமாரிகளில் எனக்குத் தயக்கம் உண்டு. அவற்றை எடுத்தால் அறை அகலமானது போல் தோன்றும் என்பது உண்மை. படம் எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் மரச்சட்ட வண்டியில் கூரையும் சுவரும் சேரும் முனைக்கு அதுதான் மூலைத் தாங்கி. விளக்கு, காற்றாடி, ஸ்பீக்கர் ஆகியவற்றின் வயர்கள் பெரும்பாலும் அதன் முதுகில்தான் ஓடுகின்றன. அதோடு, நான்கு நாள் பயணம் போய்ப் பாருங்கள், துணி வைக்க இடம் இல்லாமல் தரை முழுக்கப் பை கிடக்கும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். அல்லது கதவுகளை மட்டும் கழற்றித் திறந்த தட்டாக விட்டு, பொருள் விழாமல் முன்னால் ஒரு பட்டை அடியுங்கள். பாதி அழகு கிடைத்துவிடும், மூலைத் தாங்கி போகாது.

தரையிலிருந்து கூரை வரை போகும் தடுப்புச் சுவர், துணி அலமாரி ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கூரையில் ஏ.சி. இருந்தால், அதன் பக்கத்தில் நிற்கும் தடுப்பைத் தொடாதீர்கள். கூரை ஏ.சி. ஒன்றின் எடை 35 முதல் 50 கிலோ. அது ஓடும் வண்டியில் மேலும் கீழும் குதிக்கும் எடை.

வாயுவில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜின் கூடு வேறு விதமான ஆபத்து. அதன் முதுகில் நெருப்பு எரிகிறது. எரிந்த புகை வெளியே போகச் சுவரில் கீழே ஒரு துவாரம், மேலே ஒரு துவாரம். அறைக்குள் வராமல் இருக்கச் சுற்றிலும் அடைப்பு. அந்தக் கூட்டை இஷ்டத்துக்கு வெட்டினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வர வழி திறந்துவிட்டதாக ஆகும். ஃபிரிட்ஜையே எடுத்துவிட்டு 12 வோல்ட் கம்ப்ரஸர் வகைக்கு மாறுகிறீர்கள் என்றால், வாயுக் குழாயைத் தொழில் தெரிந்தவரை வைத்து முறையாக மூடி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகே துவாரங்களை அடைக்க வேண்டும். வாயுக் கசிவுக் கருவி தரைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்து யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று மேலே மாற்றிவிடாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.

குளியலறையை விட்டுவிடுங்கள். குளிக்கும் தொட்டி பல வண்டிகளில் சுவர் வருவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது, கதவு வழியாக முழுசாக வெளியே போகாது. கழிவுத் தொட்டி, காற்றுக்குழாய், தரை ஓட்டை எல்லாம் அந்த இடத்துக்கே அளவெடுத்தவை.

கூடு வரை பிய்ப்பது

இதற்கு ஆசைப்படுகிறவர்கள் சொல்லும் முதல் காரணம், வண்டி லேசாகும் என்பது. காலி வண்டி லேசாகத்தான் இருக்கும். கட்டி முடித்த வண்டியை எடைமேடையில் ஏற்றினால்தான் முகம் மாறும். தொழிற்சாலை அலமாரி பார்க்கப் பெரிதாக இருந்தாலும் முன்னால் மெல்லிய மரச் சட்டம், பக்கத்தில் 3 அல்லது 5 மில்லிமீட்டர் பலகை, சில இடத்தில் முதுகே கிடையாது, சுவர்தான் முதுகு. நாம் செய்யும்போது வீட்டுப் பழக்கத்தில் 18 மில்லிமீட்டருக்குப் போய்விடுகிறோம். எட்டுக்கு நான்கு அடி எம்.டி.எஃப். பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) 18 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 40 கிலோ. அதே அளவு பாப்லர் பிளைவுட் 12 மில்லிமீட்டரில் 16 கிலோ சொச்சம். 3 மில்லிமீட்டர் பிளைவுட் 5 கிலோ. பத்துப் பலகை போகும் ஒரு வேலையில் எதை எடுத்தீர்கள் என்பது 400 கிலோவுக்கும் 160 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுக்கு விற்கும் ரெடிமேட் சமையலறைப் பெட்டிகளை அப்படியே தூக்கிவைப்பவர்களும் இருக்கிறார்கள். அவை நின்ற இடத்தில் நிற்பதற்காகச் செய்தவை. ஆயிரம் கிலோமீட்டர் குலுக்கலில் மூட்டுகள் விட்டுப்போகும்.

மொத்த எடையைவிட அது எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். டிரெய்லரின் மூக்கு, அதாவது இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்காரும் முனை, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை அழுத்த வேண்டும் என்பது அமெரிக்க வகை டிரெய்லர்களுக்கான வழக்கம். ஐரோப்பிய காரவன்கள் (அங்கே இந்த வண்டிக்குப் பெயர் அது) 5 முதல் 7 விழுக்காட்டில் ஓடுமாறு வடிவமைத்தவை. இந்த அழுத்தம் குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும். வாலாட்டம் முற்றினால் இழுக்கிற காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 2000 கிலோ, மூக்கில் 220 கிலோ, அதாவது 11 விழுக்காடு, நல்ல நிலை. கொக்கியிலிருந்து சக்கர அச்சு 4.5 மீட்டர். அச்சுக்கு 3 மீட்டர் முன்னால் இருந்த 60 கிலோ சோபாவை எடுத்துவிட்டீர்கள். மூக்கில் 40 கிலோ குறைந்தது. அச்சுக்குப் பின்னால் 2.25 மீட்டரில் 60 கிலோவுக்குப் புதுச் சமையல் மேடை வைத்தீர்கள். மூக்கு நெம்பிக்கொண்டு மேலும் 30 கிலோ குறைந்தது. மொத்த எடை அதே 2000. மூக்கில் இப்போது 150 கிலோ, 7.5 விழுக்காடு. உள்ளே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது, நெடுஞ்சாலையில்தான் தெரியும். எனவே எந்த வழியானாலும், எதையும் கழற்றும் முன் ஒரு முறை, முடித்த பிறகு ஒரு முறை, எடைமேடைக்குப் போய் மொத்தமும் மூக்கும் அளந்துவிடுங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்ச அனுமதி எடை இருக்கும். சாமானும் தண்ணீரும் ஏற்றிய பிறகு அதற்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணமாகச் சொல்வது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வயர், குழாய், காப்புப் பஞ்சு என்று எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்பது. இதில் உண்மை இருக்கிறது. சுவர் உளுத்துப்போன வண்டியில் இதைத் தவிர வழியில்லை, அங்கே இந்த வழிதான் உண்மையில் சிக்கனமும். சுவர் திறந்திருக்கும்போதே புது அலமாரி வரும் இடமெல்லாம் உள்ளே குறுக்குக் கட்டை வைத்துவிட்டால், பிறகு எங்கே ஸ்குரூ அடிப்பது என்று தேட வேண்டாம். ஆனால் வாரக் கடைசியில் மட்டும் வேலை செய்பவருக்கு இது மாதக் கணக்கு, பல சமயம் வருடக் கணக்கு. பிரிப்பதற்கு ஒரு வாரம் போதும் என்பதுதான் இதில் இருக்கும் பொறி. பாதியில் நின்றுபோன டிரெய்லர்கள் விற்பனைக்கு வருவதைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும்: உள்ளே காலி, சுவரில் வயர்கள் தொங்கும், மூலையில் ஒரு கட்டு பிளைவுட்.

கழற்றும் கை

எடுக்கத் தீர்மானித்த பிறகு, உடைப்பதா பிரிப்பதா என்று இன்னொரு தேர்வு இருக்கிறது. உடைப்பது வேகம். நான் பிரிக்கவே சொல்வேன். பழைய அலமாரியின் பக்கப் பலகைதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சரியான அச்சு. டிரெய்லர் சுவர் நேராக இருப்பதில்லை, கூரை வளைந்திருக்கும், இரண்டு மூலை ஒன்றாக இருக்காது. புதுப் பலகையின் மேல் பழைய பலகையை வைத்துக் கோடு போட்டு அறுத்தால் வளைவு அப்படியே வந்துவிடும். உடைத்தவர்கள் அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்து ஒரு நாள் முழுக்க மல்லாடுவார்கள்.

முதலில் வெளி மின்சாரத்தை எடுத்துவிட்டு, பாட்டரியின் முனையையும் கழற்றுங்கள். வெளி இணைப்பு இல்லையென்றால் மின்சாரம் இல்லை என்று நினைப்பது தவறு, 12 வோல்ட் வயர் உரசினாலும் தீப்பிடிக்கும். சிலிண்டரை மூடிக் கழற்றுங்கள், தண்ணீரை வடியுங்கள். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே வண்டியில் இரண்டு வகை மின்சாரமும் ஓடுகிறது, ஒரே நிறம் இரண்டிலும் வேறு வேறு பொருளில் வரலாம். ஒவ்வொரு வயரிலும் காகித டேப் ஒட்டி எங்கிருந்து எங்கே என்று எழுதுங்கள், படம் எடுங்கள்.

வட அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் ஸ்குரூ தலையில் சதுரக் குழி இருக்கும். நட்சத்திர முனையை வைத்துத் திருகினால் தலை தேய்ந்துவிடும். இரண்டாம் எண் சதுர முனை ஒரு கை நிறைய வாங்கி வையுங்கள். எல்லா ஸ்குரூவும் எடுத்த பிறகும் அசையவில்லையா? நெம்பாதீர்கள். டிராயரை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள், ஓரப் பட்டைகளைப் பெயர்த்துப் பாருங்கள், ஸ்டேப்பிள் பின்களைக் காந்தத்தால் தேடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்குரூ வெளியிலிருந்து வந்திருக்கிறது. அலமாரிக்கும் சுவருக்கும் இடையே அதிர்வு வெட்டியின் (பட்டியை வேகமாக அதிரவைத்து அறுக்கும் கைக்கருவி) மெல்லிய ரம்பப் பட்டியை விட்டு, ஸ்குரூவின் நடுவில் அறுத்துவிடலாம். பெரிய ரம்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுவருக்குள் விடுவது வயரையும் குழாயையும் தேடிப்போய் வெட்டுவதற்குச் சமம். உயரமான எதை எடுப்பதானாலும் முதலில் பக்கத்தில் கூரைக்கு ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு, எடுத்த பிறகு வாசல் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பைவிட இறுக்கமாக இருந்தால் கூடு அசைந்திருக்கிறது.

பெட்டிகளுக்கு அடியில் எலிக்கூடு இருப்பது சகஜம். காய்ந்த புழுக்கையை அப்படியே பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள், சில எலிகளின் எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஈரத்தோடு துடைத்தெடுங்கள். மிகப் பழைய வண்டியானால் தரை விரிப்பில் கல்நாரும் பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். சுரண்டும் முன் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

என் வண்டியில் கடைசியில் போனது ஒரு பெஞ்சு, இடப்பக்க மேல் அலமாரியின் கதவுகள், சமையல் மேடையின் மேல்பலகை, இவ்வளவுதான். முன்பக்க சோபாப் பெட்டி திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அன்று கிழித்த ஓர் அடிச் சுவருக்குப் பின்னால் ஒரு பலகையை ஒட்டி ஸ்குரூ பிடிக்க வழி செய்திருக்கிறேன்; பெட்டி மறைத்துக்கொண்டிருப்பதால் உள்ளே வருகிறவர்கள் யாருக்கும் தெரியாது.